காமிராவுடன் ஓரத்தில் நிற்பவர்

ஒவ்வொரு பங்கிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் ஸ்டூடியோ வைத்திருப்பவர் அல்லர். படம் எடுத்துக் கூலி பெறுபவரும் அல்லர். வாரம் முழுவதும் அலுவலகத்திலோ வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ உழைத்துவிட்டு, ஞாயிறோ திருநாளோ வந்துவிட்டால் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கோவில் முற்றத்துக்கு வந்துவிடுவார். பையில் ஒரு காமிரா, இரண்டு லென்ஸுகள், கண்ணாடி துடைக்க ஒரு மெல்லிய துணி. "நீங்களும் காமிராவோடு வந்துவிடுங்கள், அண்ணே" என்ற ஒரு சொல்லே அவருக்கு அழைப்பிதழ். ஞானஸ்நானம், புதுநன்மை, நிச்சயதார்த்தம், திருமணம், வளைகாப்பு, புதுமனை மந்திரிப்பு, கிறிஸ்மஸ் பாடல் விழா, தேர்ப்பவனி என எங்கும் அவரைக் காணலாம். அவர் எடுத்த படங்களில் மட்டும் அவரைக் காண முடியாது.

இதை எழுதுபவனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. இருப்பிடம் நாவலூர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூர், சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் கணினி நிறுவனங்கள் எழுந்தபின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஊராகிவிட்டது. தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வேலை தேடி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இந்தப் பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் ஏராளம். சொந்த ஊரில் என்றால் ஒரு விசேஷத்துக்கு உறவினர் ஐம்பது பேர் தாமாக வந்து நிற்பார்கள். இங்கே பக்கத்து வீட்டாரும் அன்பியத்தாருமே உறவினர். ஆகவே விசேஷத்துக்குச் சாம்பார் வாளி தூக்க ஒருவர், நாற்காலி போட ஒருவர், படம் பிடிக்க ஒருவர் என்று வேலைகள் தாமே பிரிந்துவிடுகின்றன.

தொழிலாகப் படம் எடுப்பவர்களை நான் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். விளக்கு, வீடியோ, ஆகாயத்தில் பறக்கும் டிரோன் என்று அவர்கள் செய்யும் வேலை பெரியது; அவர்கள் உழைப்பும் கடுமையானது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது மணமகனையும் மணமகளையும்தான். மணமகளை ஐந்து வயது முதல் வளர்த்தவர் மூன்றாம் வரிசையில் தனியே அமர்ந்திருக்கும் அந்தப் பெரியம்மா என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது வீட்டாருக்குத்தான் தெரியும். வீட்டாரோடு வீட்டாராய்க் காமிராவை ஏந்தி நிற்பவருக்குத் தெரியும். 'அமெச்சூர்' என்று நாம் சற்று இளக்காரமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு அன்பு செய்பவர் என்பதே மூலப்பொருள்.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் அத்தகையோருக்கு இடம் உண்டு. துரின் நகரில் போற்றப்படும் திருச்சீலையை முதன்முதலில் படம் பிடித்த செகோந்தோ பியா ஒரு வழக்கறிஞர். புகைப்படக் கலை அவருக்குப் பொழுதுபோக்கு. 1898ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இரவு, மின்விளக்குகளின் ஒளியில், பெரிய கண்ணாடித் தகடுகளில் அவர் அப்படத்தை எடுத்தார். இருட்டறையில் அத்தகட்டைக் கழுவியபோது, எதிர்மறைப் படத்தில் ஒரு முகம் தெளிவாக எழுந்து வந்தது. அதைக் கண்ட அதிர்ச்சியில் தகடு கைநழுவி விழ இருந்ததாக அவரே பின்னர் கூறியிருக்கிறார்.

இரவில் வரும் தொலைபேசி

இந்தப் பொழுதுபோக்கு எத்தகையது என்பதை எனக்கு உணர்த்தியது திருமண வீடு அன்று, இழவு வீடு. இரவு பதினொரு மணிக்கோ விடியற்காலை நான்கு மணிக்கோ தொலைபேசி மணி அடிக்கும். "அம்மா இறந்துவிட்டார்கள், அண்ணே. உங்களிடம் அம்மா படம் ஏதாவது இருக்குமா?" என்று மறுமுனையில் ஒரு குரல் கேட்கும். காலைக்குள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அச்சாக வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் வைக்க ஒரு பெரிய படம் வேண்டும். முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை வேண்டும். எழுபது எழுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, ஆறு பிள்ளைகளை வளர்த்து, பதினான்கு பேரப்பிள்ளைகளைக் கண்ட ஒருவருக்குத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இராது! ஆதார் அட்டையில் ஒரு படம் இருக்கும். அதில் அவரை அவர் பெற்ற பிள்ளைகளே அடையாளம் காண்பது கடினம்.

எனவே, யாரோ ஒருவருடைய திருமணத்தில் எடுத்த கூட்டுப் படத்திலிருந்து அந்த முகத்தை வெட்டி எடுப்பார்கள். தோளில் யாருடைய கையோ கிடக்கும். காதோரத்தில் அடுத்தவருடைய சேலையின் ஓரம் தெரியும். கண் பாதி மூடியிருக்கும். அதைப் பெரிதாக்கிப் பின்னணியில் நீலவானத்தையும் மேகத்தையும் ஒட்டி வைப்பார்கள். இத்தகைய படங்களை நம் கல்லறைத் தோட்டங்களில் எத்தனை பார்த்திருக்கிறோம்!

முன்னாளில் நிலைமை இதைவிடவும் மோசம். உயிரோடிருக்கையில் ஒருமுறையும் ஸ்டூடியோ படி ஏறாத பெரியவர்களை, இறந்தபின் நாற்காலியில் சாய்த்து அமர்த்தி, சுற்றிலும் குடும்பத்தார் நிற்கப் படம் எடுத்து வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நகரங்களிலும் பரவலாக இருந்தது. அன்று எடுத்ததே அவருடைய முதல் படம், கடைசிப் படமும் அதுவே. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களில் அழிந்துகொண்டிருந்த இவ்வகைப் படங்களையும், குடும்பப் படங்களையும், மணமக்கள் படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேகரித்துக் கணினியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். நல்ல பணி.

அத்தகைய தொலைபேசி அழைப்புகள் சில வந்தபின், எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் அரைமணி நேரத்தை முதியவர்களுக்கென்றே ஒதுக்குவது என் வழக்கமாயிற்று. மேடை அலங்காரம் நடந்துகொண்டிருக்கும். மணமகள் இன்னும் வந்திருக்கமாட்டாள். பெரியவர்களோ வழக்கம்போல் எல்லாருக்கும் முன்பே வந்து, மண்டபத்து வாசலோரம் மின்விசிறியின்கீழ் அமர்ந்திருப்பார்கள். சன்னலிலிருந்து பக்கவாட்டில் விழும் காலை ஒளியைப்போல் முதிய முகத்துக்கு இசைந்த வெளிச்சம் வேறு இல்லை. 

"என்னிய எதுக்குய்யா படம் பிடிக்கிறே? பொண்ணு மாப்பிள்ளைய எடு, போ" என்று அவர்கள் விரட்டுவதும் உண்டு. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம்பிய தலைமுறை இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவர்களோடு வாதாடக்கூடாது. பக்கத்தில் அமர்ந்து, சொந்த ஊர் எது, எந்தக் கோவிலில் கல்யாணம் நடந்தது, எந்தச் சாமி மந்திரித்தார் என்று கேட்டாலே போதும். ஐந்து நிமிடத்தில் காமிராவை மறந்து பேசத் தொடங்கிவிடுவார்கள். சிரிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டு வாங்கிய சிரிப்பு வாயில் நிற்குமே அன்றிக் கண்ணுக்கு ஏறாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்ற முனைவார்கள். கழற்ற வேண்டாம் என்பேன். நாற்பது ஆண்டுகள் கண்ணாடியோடு இருந்த முகம் அது. பிள்ளைகள் அறிந்தது அந்த முகத்தைத்தானே?

சிறுமலரின் உண்மை முகம்

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளின் படம் இல்லாத கத்தோலிக்க வீடு நம்மிடையே அரிது. கையில் சிலுவையையும் ரோசா மலர்களையும் ஏந்தி, மென்மையாக நோக்கும் அந்தப் படத்தை நாம் சிறுவயதிலிருந்தே வணங்கி வருகிறோம். அது காமிராவால் எடுத்த படம் அன்று என்பதும், புனிதையின் உண்மையான புகைப்படங்கள் வேறு என்பதும் பலருக்குத் தெரியாது.

அப்புகைப்படங்களை எடுத்தவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி செலின். தந்தை லூயி மார்ட்டின் 1894ஆம் ஆண்டு சூலையில் இறந்தபின், அதே ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் செலின் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சேரும்போது தம் காமிராவையும், தகடுகளைக் கழுவும் கருவிகளையும் உடன் கொண்டுவந்தார். அடைபட்ட துறவு மடத்துக்குள் காமிரா! அக்காலத்தில் அது எத்தனை புதுமை என்பதை எண்ணிப் பாருங்கள். அப்போது மடத்தின் தலைவியாக இருந்தவர் இவர்களுடைய மூத்த சகோதரி பவுலின். ஆகவே அனுமதி கிடைத்தது.

தெரேசம்மாளின் புகைப்படங்கள் என்று இன்று நமக்குக் கிடைத்திருப்பவை 47. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை செலின் எடுத்தவை. அவர் எடுத்தது என்ன? நம் வீட்டுக் காமிராக்காரர் எடுப்பவற்றையேதான். சகோதரிகள் ஓய்வு நேரத்தில் கூடியிருப்பது, தோட்டத்தில் நிற்பது, வேலை செய்வது. 1895ஆம் ஆண்டு சனவரியில் மடத்துக்குள் நடந்த நாடகத்தில் தெரேசம்மாள் புனித ஜோன் ஆஃப் ஆர்க் வேடம் ஏற்றார். அந்த வேடத்திலும் படங்கள் உண்டு. 1897ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், சகோதரி அதிக நாள் இருக்கமாட்டார் என்று உணர்ந்த செலின், அவரை நிற்க வைத்து மூன்று தகடுகள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பல விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். காசநோய் முற்றிய உடலோடு அவர் நின்றார். அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தம் 24ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அதன்பின் நடந்ததைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தாம் எடுத்த படங்களே செலினுக்கு மனநிறைவு தரவில்லை. நீண்ட நேரம் அசையாதிருக்க முயன்றதால் சகோதரியின் முகம் இறுகிவிட்டது, உயிருள்ள அந்த முகபாவம் படத்தில் விழவில்லை என்று அவர் கருதினார். ஓவியமும் அறிந்தவராதலால், புகைப்படங்களில் தூரிகையால் திருத்தம் செய்தார். புதிய ஓவியங்களும் வரைந்தார். ரோசா மலர்களுடன் நாம் காணும் அந்தப் படம் 1912இல் அவர் கரிக்கோலால் வரைந்தது. உலகெங்கும் அதுவே பரவியது. 1925இல் தெரேசம்மாள் புனிதையாக உயர்த்தப்பட்டபோதும் மக்கள் அறிந்த முகம் அதுவே. செலின் 1959இல் இறந்தார். திருத்தப்படாத மூலப் புகைப்படங்கள் 1961இல்தான் நூலாக வெளிவந்தன.

அப்படங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அகன்ற முகம், உறுதியான தாடை, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள், உழைப்பால் தடித்த கைகள். நோயோடு நின்ற அந்த சூன் மாதப் படத்தில் களைப்பை மறைக்க முடியவில்லை. என் வரையில், ரோசா மலர்ப் படத்தைவிட அந்தப் படத்தின் முன்தான் செபம் எளிதில் வருகிறது. செலின் செய்தது அன்பினால் செய்தது, அதில் ஐயமில்லை. எனினும், திருத்திய படங்களை வெளியிட்டபோதும் மூலத் தகடுகளை உடைத்துப்போடாமல் வைத்திருந்தாரே, அதற்காகவே அவருக்குப் பெரிதும் நன்றி கூற வேண்டும்.

இது ஏதோ பிரான்சு நாட்டுப் பழங்கதை அன்று. நம் ஊர் ஸ்டூடியோக்களில் பென்சிலைக் கூராக்கி நெகட்டிவின்மேல் சுருக்கங்களை மறைத்து, கறுத்த முகத்தை வெளுப்பாக்கித் தருவது நீண்டகால வழக்கம். இன்றைய கைபேசிகளில் பல, நம்மைக் கேளாமலேயே அதைச் செய்துவிடுகின்றன. 

அண்மையில் எங்கள் பகுதியில் ஒரு பாட்டி காலமானார். திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். அந்தக் கால வழக்கப்படி காது வளர்த்துப் பாம்படம் அணிந்திருந்தவர். பாம்படம் எப்போதோ பேத்தியின் படிப்புக்காக விற்கப்பட்டுவிட்டது. தோளைத் தொடும் காதுகள் மட்டும் அப்படியே இருந்தன. பேரனின் புதுநன்மையன்று நான் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்க வந்த மகன், "காதை மட்டும் கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள், ஆபீசிலிருந்து ஆட்கள் வருவார்கள்" என்றார். உடன் வந்திருந்த மகள் சீறிவிட்டாள். "அந்தக் காதை வித்துத்தானே அண்ணே என் பொண்ணு இஞ்சினீயர் ஆனா? அதுல என்ன சரிசெய்யணும்?" இருவரும் என் வீட்டு வரவேற்பறையிலேயே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். இறுதியில் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியின் தங்கையிடம் கேட்பது என்று முடிவாயிற்று. அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பின் தம் முந்தானையை விலக்கித் தம்முடைய காதைக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. படம் உள்ளபடியே அச்சாயிற்று.

பீடத்தருகில்

கோவிலுக்குள் காமிராவைப் பற்றித் திருச்சபை ஒன்றும் சொல்லவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 1967ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், நற்கருணை வழிபாட்டைக் குறித்து உரோமை வெளியிட்ட அறிவுரை ஏட்டில், 23ஆம் பத்தி முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. வழிபாடு, சிறப்பாகத் திருப்பலி, படம் எடுப்பதால் குலையவோ தடைப்படவோ கூடாது. தக்க காரணம் இருந்து எடுக்க நேர்ந்தால் மிகுந்த அடக்கத்தோடு எடுக்க வேண்டும். மறைமாவட்ட ஆயர் வகுத்த நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், 2017 நவம்பர் 8ஆம் நாள், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு சதுக்கத்தில் ஆற்றிய மறைக்கல்வி உரையில், குருவானவர் நம் உள்ளங்களை மேலே எழுப்பச் சொல்கிறாரேயன்றிக் கைபேசிகளை அன்று என்று வருந்தினார். விசுவாசிகள் மட்டுமின்றிக் குருக்களும் ஆயர்களும்கூட அதைச் செய்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்!

புதுநன்மைத் திருப்பலிகளில் நாம் காண்பது என்ன? பிள்ளை நாவை நீட்டும் நேரத்தில் ஏழெட்டுக் கைபேசிகள் குருவானவருக்கும் பிள்ளைக்கும் நடுவே நீளுகின்றன. அந்தச் சிறுமி ஆண்டவரைப் பார்ப்பதா, மாமாவின் கைபேசியைப் பார்ப்பதா? படத்தில் அவள் கண்கள் பக்கவாட்டில் திரும்பியிருப்பதைக் காணலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி, ஒரே ஒருவர் ஒரே இடத்தில் நின்று எடுத்து, எல்லாப் பெற்றோருக்கும் கொடுப்பது என்ற ஏற்பாடு எங்கே நடக்கிறதோ அங்கே வழிபாடும் கெடுவதில்லை, படமும் கெடுவதில்லை. தூண் ஓரமாக, பீடத்துக்குப் பக்கவாட்டில் ஓரிடம் பார்த்து நின்றுவிட வேண்டும். நடக்கக்கூடாது. பிளாஷ் கூடாது. இன்றைய காமிராக்களில் ஓசையின்றி இயங்கும் வசதி உண்டு; அதைப் பயன்படுத்த வேண்டும். எழுந்தேற்றத்தின்போது காமிரா கீழே இறங்கிவிட வேண்டும். 

எடுத்த பின்னும் ஒரு கடமை இருக்கிறது. பிறர் வீட்டுப் பிள்ளைகளின் படத்தை அவர்கள் பெற்றோரைக் கேளாமல் வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போடுவது முறையன்று. "எல்லாரும் போடுகிறார்களே" என்பது பதிலாகாது.

கச்சேரி மேடை

வீட்டு விசேஷத்தில் பழகிய கை கச்சேரிக்குப் போனால் முதலில் திகைக்கும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த இசை மாநாட்டின் பயனாக, 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. அதிலிருந்து வளர்ந்த மார்கழி இசை விழா இன்று நகரெங்கும் பரந்திருக்கிறது. நம் பங்குகளிலும் அதே மாதத்தில்தான் கிறிஸ்மஸ் பாடல் விழாக்கள். திருச்சியில் அருட்தந்தை ச. ம. ஜார்ஜ் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி, பரதத்தையும் கருநாடக இசையையும் நற்செய்திப் பணிக்குக் கொண்டுவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ற கத்தோலிக்க முனிசீப்பின் கீர்த்தனைகளை இன்றும் சபா மேடைகளில் கேட்கலாம். ஆகவே கச்சேரி நமக்கு அந்நியமான இடம் அன்று.

ஆனால் அங்கே காமிராவுக்கு எல்லாமே இடைஞ்சல். சபாக்களில் பிளாஷ் கூடாது. பல இடங்களில் படம் எடுப்பதற்கே முன் அனுமதி வேண்டும். பாடகரின் வாய்க்கு நேரே ஒலிவாங்கி நிற்கும். நேர் எதிரே அமர்ந்து எடுத்தால் முகத்தின் நடுவே ஒரு கறுப்பு உருண்டை விழும். நாலடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். வெளிச்சம் குறைவு. 50 மில்லிமீட்டர் லென்ஸை முற்றிலும் திறந்து வைத்து, ஐ.எஸ்.ஓ. 3200 வரை உயர்த்தி, விநாடியில் 125இல் ஒரு பங்கு நேரத்துக்கு எடுத்தால் முகம் நிற்கும்; மிருதங்கக்காரரின் விரல் நிற்காது. விரல் நிற்கவேண்டும் என்றும் இல்லை. அது கலங்கித் தெரிந்தால்தான் வாசிப்பது போலிருக்கிறது. பங்கு மேடைகளின் தொல்லை வேறு: நீலமும் ஊதாவுமாக மாறி மாறி அடிக்கும் விளக்குகள். பாடகர் குழு முழுவதும் ஒரு படத்தில் நீல முகத்தோடும் மறு படத்தில் சிவந்த முகத்தோடும் நிற்கும். விளக்குக்காரத் தம்பியிடம் முன்னரே போய், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வெள்ளை விளக்கு கேட்டு வாங்குவதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

ஆலாபனையின் நடுவே வித்துவான் மௌனமாக நிற்கும் கணத்தில் காமிரா ஓசை எழுப்பினால், முன்வரிசை ரசிகர்கள் திரும்பிப் பார்க்கும் பார்வை சாமானியமானதன்று. எனவே அனுபவம் உள்ளவர்கள் தனி ஆவர்த்தனத்துக்குக் காத்திருப்பார்கள். மிருதங்கமும் கடமும் முழங்கும்போது எந்த ஓசையும் மறைந்துவிடும். அதைவிடவும் ஒரு நன்மை உண்டு. அந்நேரம் பாடகர் பாடுவதில்லை. தாளம் போட்டபடி பக்கவாத்தியத்தை உவகையோடு கேட்டுக்கொண்டிருப்பார். பாடகரின் மிகச்சிறந்த படங்கள் அவர் பாடாதபோது எடுத்தவையே என்பது என் எண்ணம்.

பழங்காலத்து வித்துவான்களின் படங்களைப் பாருங்கள். எல்லாரும் ஸ்டூடியோவில் நாற்காலியிலோ கம்பளத்திலோ வாய்மூடி நேரே பார்த்தபடி இருப்பார்கள். அன்றைய தகடுகளுக்குப் பாடும் வாயைப் பிடிக்கும் வேகம் இல்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரை நினைக்கையில் இது எனக்குத் தோன்றுவதுண்டு. சித்த மருத்துவர், 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டியவர், 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் இசை நூலை வெளியிட்டவர். நம் சகோதர சபையைச் சேர்ந்த அப்பெரியவர் இளமையில் புகைப்படம் எடுக்கவும் கற்றிருந்தார். இசையையும் காமிராவையும் ஒருங்கே அறிந்த அவர் காலத்தில் இன்றைய கருவி இருந்திருந்தால்!

உதகையில் மத்திய அரசு நடத்திய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்தது. அந்த ஆலை இப்போது இல்லை. அந்நாளில் ஒரு சுருளுக்கு 36 படம்தான். மேடையில் இருப்பவர்களுக்கே அது போதாது. தம்பூராக்காரருக்கு எங்கே மிஞ்சும்? இன்று கணக்கின்றி எடுக்கிறோம். எனினும் பின்னால் அமர்ந்து இரண்டரை மணி நேரம் விரல் ஓயாமல் மீட்டும் தம்பூராக்காரப் பெண்ணை இன்றும் பெரும்பாலோர் எடுப்பதில்லை. எங்கள் பங்கின் பாடல் விழாவில் ஆர்மோனியத்துக்குத் தாள் திருப்பிய பையனை எடுத்துக் கொடுத்தேன். அவன் தாய் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

பெயர் எழுதி வைப்பது

இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரும் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர். 1863இல் தம் 48ஆம் வயதில் மகள் பரிசாகக் கொடுத்த காமிராவால் கலைஞர் ஆனவர். உறவினரையும் வீட்டு வேலையாட்களையும் அயலாரையும் எடுத்துத்தான் பெயர் பெற்றார். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடியேறி, 1879இல் அங்கேயே இறந்து, போகவந்தலாவைக் கோவில் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை சிலவே. அவற்றில் தோட்டத் தொழிலாளரான தமிழர்களின் முகங்கள் இருக்கின்றன. அழகான படங்கள். ஆனால் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் கவிஞர் இன்னார், அறிஞர் இன்னார் என்று பெயர் காண்கிறோம். இந்தத் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் யார் என்பதற்கோ பெரும்பாலும் பெயரே இல்லை. நம் பாட்டியின் பாட்டி ஒருத்தி அங்கே நின்றாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

நம் வீடுகளிலும் அதே கதிதான். நாவலூரின் அடுக்குமாடி வீடுகளில் படம் மாட்டச் சுவரும் குறைவு; படங்களெல்லாம் கைபேசிக்குள் கிடக்கின்றன. கைபேசி தண்ணீரில் விழுந்தால் ஐந்து ஆண்டுகள் போய்விட்டன என்று பொருள். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் நாளும் கோவிலும் எழுதி வைக்கும்படி நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். பேனாவின் முனை அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும், மையும் ஊறும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் இப்போது அந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடியில் பல ஆண்டுகளுக்குமுன் நடந்த ஒரு திருமணத்தின் கூட்டுப் படம், பெட்டியடியிலிருந்து கிடைத்தது. படத்தில் 17 பேர். அப்போது சிறுமியாக முன்வரிசையில் தரையில் அமர்ந்திருந்தவர், இன்று எண்பதைத் தாண்டிய பெரியம்மா. அவர் விரல் வைத்துப் பெயர் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒரு தாளில் உருவங்களைக் கோடிட்டு, எண் போட்டு எழுதுகிறாள். இதுவரை 11 பெயர்கள் கிடைத்துவிட்டன. பின்வரிசையில், தூணுக்கருகில், முகம் பாதி மறைந்து நிற்கும் ஒருவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மற்ற ஐவரைப் பற்றிக் கேட்க ஊரிலுள்ள ஒரு சித்தப்பாவுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். தூணருகில் நிற்பவர் கழுத்தில் ஏதோ கறுப்பு வார் தொங்குகிறது. "காமிராவாத்தான் இருக்கும், பாட்டி" என்கிறாள் பேத்தி.